'தெரியாது' என்பதும் ஒரு பதில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றம் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு நடத்தப்படும் ஆய்வுகளின் முடிவுகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளியாகின்றன. அந்த எண்களுக்காகக் கேள்வித்தாளோடு வாசல் வாசலாகப் போகிறவர்களும், வந்த பதில்களைத் தொகுப்பவர்களும் சேர்ந்து எழுதும் கடிதம் இது. உங்கள் வாசகர் யாருக்கும் நாளை அப்படியோர் அழைப்பு வரலாம். வந்தால் எப்படிப் பதில் சொல்வது, சம்மதிக்கும் முன் என்ன கேட்பது, தவறுகள் எங்கே நடக்கின்றன என்பதை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

களத்தில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இது: "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, படிச்சவங்களாப் பார்த்துக் கேளுங்க." அடக்கத்தால் சொல்லப்படுவதுதான். ஆனால் ஆய்வை வேறெதையும்விட அதிகமாகக் கெடுப்பது இந்த அடக்கமே. கேட்பவர் பொது அறிவுத் தேர்வு நடத்த வரவில்லை. 'காலநிலை மாற்றம் என்று கேள்விப்பட்டதே இல்லை' என்று ஒருவர் சொன்னால், அந்தச் செய்தி அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்கிறோம். 'கேள்விப்பட்டேன், ஆனால் எனக்கு அதில் அக்கறை இல்லை' என்பதும் அதே அளவு மதிப்புள்ள பதில். இவர்கள் ஒதுங்கிக்கொண்டால், ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களின் குரல் மட்டும் 'மக்கள் கருத்து' என்று அச்சாகிவிடுகிறது.

எவ்வளவு தூரம் கெடும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 பேரை அணுகுகிறோம். அவர்களில் 600 பேருக்கு அக்கறை உண்டு, 400 பேருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அக்கறை உள்ளவர்களில் பாதிப் பேர் பதில் சொன்னால் 300. இல்லாதவர்களில் எட்டில் ஒருவர் சொன்னால் 50. கைக்கு வந்த 350 பதில்களில் 300 அக்கறை காட்டும். அது 86 சதவீதம். உண்மை 60 சதவீதம்தான். அணுகும் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கி 10,000 பேரிடம் போனாலும் அதே 86 தான் வந்து நிற்கும். வயது, பாலினம், கல்வி ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டு, குறைவாகக் கிடைத்த பிரிவினரின் பதில்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரே வயதும் ஒரே படிப்பும் உள்ள இருவரில் அக்கறை உள்ளவர் பேசி, இல்லாதவர் கதவைச் சாத்திவிட்டால் எந்த எடையும் அதைச் சரிசெய்யாது. முடிவுகளோடு 'கூடவோ குறையவோ 3 சதவீதம்' என்று ஒரு வரி வருகிறதல்லவா? அது ஏறத்தாழ 1,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுக்கும்போது நேரும் தற்செயல் பிழை மட்டுமே. பதில் சொல்ல மறுத்தவர்களால் வரும் பிழை அந்த 3-க்குள் இல்லை.

இதற்கு எல்லோரும் காட்டும் பழைய எடுத்துக்காட்டு 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். சீட்டு அனுப்பிய பட்டியலிலேயே வசதியானவர்கள் மிகுதி. சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் தனி ரகம்.

விருப்பமுள்ளவர்கள் தாமே பதில் சொல்வது, தற்செயலாகத் தேர்ந்தெடுத்தவர்களிடம் போய்க் கேட்பது என்ற இரண்டு வழிகளையும் காலநிலை ஆய்வில் பார்த்துவிட்டோம். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2021-இல் வெளியிட்ட கணிப்பில் 50 நாடுகளைச் சேர்ந்த 12 லட்சம் பேர் பதிலளித்தார்கள். கைப்பேசி விளையாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வரும் இடத்தில் கேள்விகள் தோன்றின. இளையோரை எட்டுவதற்கு அது அருமையான வழி. விளையாடாதவர்களை எட்ட வழியே இல்லை. அதே அமைப்பு 2024-இல் 77 நாடுகளில், 87 மொழிகளில், 73,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தொலைபேசியில் 15 கேள்விகள் கேட்டது. தம் அரசு இன்னும் வலுவான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 80 சதவீதம் பேர் விரும்பியது அதில் தெரிந்தது. எண்ணிக்கை 12 லட்சத்திலிருந்து 73 ஆயிரமாக இறங்கியும், 'உலக மக்கள் கருத்து' என்று சொல்ல இரண்டாவதையே நாங்கள் அதிகம் நம்புவோம். யாரை அழைப்பது என்பதைத் தற்செயலாக விழும் தொலைபேசி எண் முடிவு செய்தது. பங்கேற்பவரின் ஆர்வத்துக்கு அதில் வேலையில்லை.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கேட்க வேண்டும்? எங்கள் பார்வையில் இதற்கான ஆகச் சிறந்த விடை 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வு. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம், வீட்டு வருமானத்தில் மாதந்தோறும் 1 சதவீதத்தைப் புவி வெப்பமடைவதைத் தடுக்கத் தருவீர்களா என்று கேட்டார்கள். தருவோம் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் 100 பேரில் எத்தனை பேர் தருவார்கள் என்று அவர்களிடமே கேட்டபோது, சராசரியாகச் சொன்னது 43. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் அக்கறையில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் அதே நினைப்பு. இந்த இடைவெளி தராசிலோ வெப்பமானியிலோ தெரியாது. ஆளுக்கு ஆள் கேட்டால்தான் தெரியும்.

இனி நடைமுறைக்கு வருகிறோம். வீடு தேடி வருபவர் கதவைத் திறந்தவரிடமே பேசிவிட்டுப் போவது சரியான முறை இல்லை. அப்படிச் செய்தால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே சேரும். ஆகவே வீட்டில் 18 வயது நிரம்பியவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரைக் கேட்பார்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், எல்லோரையும் வயது வரிசையில் எழுதி, முன்பே அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து ஒருவரைத் தேர்வார்கள். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-இல் வகுத்துத் தந்த முறை அது. பாட்டியின் பெயர் வந்தால் பாட்டிதான் பேச வேண்டும். "அவங்களுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்" என்று பேரன் உட்கார்ந்த நிமிடமே அந்த நேர்காணல் பயனற்றதாகிவிடுகிறது. படித்த இளைஞர்களின் எண்ணிக்கை அப்படித்தான் முடிவுகளில் வீங்குகிறது. தேர்வானவர் வெளியே போயிருந்தால் எப்போது வரலாம் என்று நேரம் சொல்லுங்கள், போதும். மறுபடி வருவது எங்கள் வேலை. பாட்டி பேசும்போது மற்றவர்கள் சற்று விலகி இருப்பது இன்னும் நல்லது. சுற்றி நின்று எடுத்துக் கொடுக்கும் வீட்டில் கிடைப்பது அந்த வீட்டின் பொதுக்கருத்து. பாட்டியின் கருத்தாகிவிடாது.

பங்கேற்பவர்களைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் தரப்புத் தவறையும் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்து தமிழுக்கு வருகின்றன. வந்த இடத்தில் சொற்கள் சறுக்குகின்றன. 'பருவநிலை மாற்றம் நடக்கிறது என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்டால், கோடை போய் மழைக்காலம் வருவதைக் கேட்கிறார்கள் என்று எண்ணி, "அது வருஷா வருஷம் நடக்கிறதுதானே" என்பார் ஒருவர். 'ஆம்' என்று பதிவாகிவிடும். 'காலநிலை' என்றால் அன்றைய வானிலை என்று பலர் கொள்கிறார்கள். 'புவி வெப்பமடைதல்' கொஞ்சம் தெளிவு, ஆனால் அதில் வெயில் மட்டும் தெரிகிறது. வெள்ளமும் வறட்சியும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. 'சுற்றுச்சூழல்' என்று தொடங்கினால் பேச்சு குப்பைக்கும் புகைக்கும் போய்விடும். ஓசோன் ஓட்டைதான் வெப்பத்துக்குக் காரணம் என்று தவறாக நினைப்பவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள்.

சொல் மாறினால் எண் மாறும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேரிடம் 'குளோபல் வார்மிங்' (புவி வெப்பமடைதல்) என்றும் மீதிப் பேரிடம் 'கிளைமேட் சேஞ்ச்' (காலநிலை மாற்றம்) என்றும் கேட்டார்கள். குடியரசுக் கட்சிச் சார்பினரில் முதல் சொல்லைக் கேட்டவர்களில் 44 சதவீதம் பேரும், இரண்டாவதைக் கேட்டவர்களில் 60 சதவீதம் பேரும் அது உண்மை என்றார்கள். ஜனநாயகக் கட்சிச் சார்பினரிடம் வேறுபாடே இல்லை. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே நிகழ்வு. அங்கேயே அப்படியென்றால், தமிழில் மூன்று நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் போடும் ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்?

'கவலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யேல், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மக்களை ஆறு வகையாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பதறுபவர்கள், அக்கறை கொண்டவர்கள், தயங்குபவர்கள், தொடர்பே அற்றவர்கள், ஐயப்படுபவர்கள், அடியோடு மறுப்பவர்கள். தொடக்கத்தில் அதற்கு 36 கேள்விகள் தேவைப்பட்டன. 2018-இல் அதை நான்காகச் சுருக்கினார்கள்: இந்த விஷயம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், எவ்வளவு கவலைப்படுகிறீர்கள், உங்களுக்கு எவ்வளவு தீங்கு வரும், வருங்காலத் தலைமுறைகளுக்கு எவ்வளவு தீங்கு வரும். நான்கே கேள்வி என்பதால் ஒன்றை விட்டுவிட்டாலும் உங்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் தடுமாற்றம் வரும். இதில் 'கவலை' தமிழில் மனத்தை அழுத்தும் சொல். பெண்ணின் திருமணம், பையனின் வேலை, அப்பாவின் உடம்பு ஆகியவற்றுக்குத்தான் நாம் கவலைப்படுகிறோம். காலநிலைக்கு 'மிகவும் கவலை' என்று சொல்ல நாக்கு எழாது. 'அக்கறை' என்று மாற்றினால் எல்லோரும் தாராளமாக 'ஆம்' என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஆங்கில மூலத்தின் பொருள் நிற்கிறது. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் வழக்கம் இதைப் பிடிக்காது. ஏனென்றால் இரண்டு சொல்லுமே திரும்பிப் போகும்போது ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடக்கூடும். பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, 'நான் என்ன கேட்டதாகப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று முன்கூட்டியே சோதித்தால் மட்டுமே பிடிபடும். செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவதும் அந்தச் சோதனைதான். எங்கள் துறை திருந்த வேண்டிய இடம் இது.

ஆகவே கேள்வி புரியவில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள். கேட்பவர் அதே வாக்கியத்தை மறுபடி வாசிப்பார். விளக்கம் கேட்டால், 'உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் சொல்லுங்கள்' என்பார். எரிச்சலாக இருக்கும், எங்களுக்கும் தெரியும். ஆளாளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தால் ஆயிரம் பேரிடம் ஆயிரம் கேள்வி கேட்டதாகிவிடும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. அப்போதும் புரியவில்லை என்றால் 'புரியவில்லை' என்பதையே பதிலாகப் பதியச் சொல்லுங்கள். ஒரே கேள்வியில் பலர் அப்படிச் சொன்னால் கேள்வி கோணல் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். 'அரசும் நிறுவனங்களும் பெட்ரோல் பயன்பாட்டைக் குறைத்து மரங்கள் நட வேண்டுமா?' என்பது போன்ற கேள்வி வந்தால் அதில் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எதற்குப் பதில் சொல்கிறீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

'உம்' கொட்டுவதுதான் அடுத்த தொல்லை. 'ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா' என்று வரிசையாகக் கேட்டால், வீட்டுக்கு வந்தவரை மறுத்துப் பேச மனமில்லாமல் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்பவர்கள் உண்டு. 'மனிதர்களால்தான் வெப்பம் கூடுகிறது', 'இது இயற்கையான சுழற்சி' என்ற இரண்டுக்கும் ஒருவரே தலையாட்டுவார். கேட்பவர் வருத்தப்பட மாட்டார், தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் இதோடு சேரும். 'மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறீர்களா?' என்றால் எல்லோருமே சிக்கனக்காரர்கள். 'கடந்த 7 நாட்களில் எத்தனை நாள்' என்று கேட்கும் கேள்விக்கு, வழக்கத்தைச் சொல்லாமல் அந்த ஏழு நாட்களை மட்டும் நினைத்துப் பார்த்து எண்ணிச் சொல்லுங்கள். ஊருக்குப் போயிருந்த வாரமாக இருந்தாலும் அதே ஏழு நாட்கள்தான்.

'1 சதவீதம் தருவீர்களா' போன்ற கேள்விக்கு உடனே விடை சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு மாத வருமானத்தில் அது எவ்வளவு என்று நூறால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகை எந்தச் செலவிலிருந்து வரும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். யோசித்துச் சொன்ன 'முடியாது', யோசிக்காமல் சொன்ன 'சரி'யைவிட எங்களுக்கு அதிகம் பயன்படும்.

கைப்பேசியில் நிரப்புபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஐந்து விருப்பங்கள் கொண்ட கட்டங்கள் சிறிய திரையில் முழுதாகத் தெரியாது. வலப்பக்கம் இருக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' மறைந்தே கிடக்கும். தெரிகிற மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார்கள். பேசியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். நடுக்கட்டத்தையே மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டு போனாலும், மற்றவர்கள் எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்காமல் முடித்தாலும், உங்கள் பதில் முழுவதையும் கணக்கிலிருந்து நீக்கிவிடக்கூடும். 'இந்த வரியில் ஓரளவு ஏற்கிறேன் என்பதைத் தொடவும்' என்று நடுவில் ஒரு வரி வரும். கவனித்து வாசிக்கிறீர்களா என்று பார்ப்பதற்காக வைத்தது. பின்னே போய்ப் பழைய பதிலைத் திருத்த வேண்டாம். கேள்விகளின் வரிசையே யோசித்து வைத்தது. வெள்ளம் பற்றிய கேள்விக்குப் பிறகு அக்கறையைக் கேட்டால் அக்கறை கூடித்தான் தெரியும் என்பதால், பொதுவான கேள்விகளை முதலில் வைக்கிறார்கள்.

அன்றைய வெயில்கூடப் பதிலை இழுக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இன்று வழக்கத்தைவிட வெப்பம் அதிகம் என்று உணர்ந்தவர்கள் புவி வெப்பமடைதலைப் பற்றி அதிகம் கவலை தெரிவித்தார்கள். நீங்கள் செய்யக்கூடியது, இன்றைய நாளை ஒதுக்கிவிட்டு, பொதுவாக நீங்கள் நினைப்பதைச் சொல்வது.

சில ஆய்வுகள் குழு உரையாடலாக நடக்கும். ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். முதலில் பேசுபவர் மற்றவர்களைத் தம் பக்கம் இழுத்துவிடுவார். பேச்சு தொடங்கும் முன் உங்கள் எண்ணத்தை ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டால் அது நிகழாது.

சம்மதம் சொல்வதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு. யார் நடத்துகிறார்கள், பணம் யார் கொடுக்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகும், பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, குரலைப் பதிவு செய்வீர்களா, பதிவை எப்போது அழிப்பீர்கள். 'உங்கள் பெயர் வெளியே வராது' என்பதற்கும் 'உங்கள் பெயர் எங்களுக்கே தெரியாது' என்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. எது என்று கேளுங்கள். பெயரை எடுத்துவிட்டாலும், சின்ன ஊரின் பெயர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஊர் பெயருக்குப் பதில் மாவட்டம் மட்டும் பதிந்தால் போதுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்தக் கேள்வியையும் தாண்டலாம், நடுவில் நிறுத்தலாம், பிறகும் விலகலாம். ஆனால் பெயரை நீக்கிப் பதில்களை ஒன்றாகக் கலந்துவிட்டபின் உங்களுடையது எது என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. எனவே விலகுவதற்குக் கடைசித் தேதி எது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆய்வில் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள், வங்கிக் கடவுச்சொல் கேட்க மாட்டார்கள், பங்கேற்க உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள், கடைசியில் சூரிய மின்தகடு விற்க மாட்டார்கள். உங்கள் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு 'ஆனால் உண்மை என்னவென்றால்' என்று பாடம் எடுத்தால், அது உங்கள் கருத்தை மாற்ற வந்த பிரசாரம். பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களுக்கே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'இத்தனை சதவீதம் மக்கள் காலநிலை மாற்றம் குறித்துக் கவலை' என்று செய்தி வரும்போது, அதன் கீழே ஐந்து வரி இடம் ஒதுக்குங்கள். தமிழில் கேட்கப்பட்ட கேள்வி சொல்லுக்குச் சொல், கேட்ட தேதிகள், நேரிலா தொலைபேசியிலா இணையத்திலா என்பது, எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் பதில் சொன்னார்கள், யார் பணம் கொடுத்தார்கள். செய்தி நிறுவனம் அனுப்பிய குறிப்பில் இவை இல்லையென்றால் ஆய்வை நடத்தியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டும் தராவிட்டால் 'தரவில்லை' என்று அந்த ஐந்து வரியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மக்கள் கருத்து ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்